திரை விழுந்தது; ஆட்டம் முடியவில்லை!

கல்லூரியில் நாடகம் போடுகிறார்கள். இரண்டு மாதம் ஒத்திகை. இரண்டு நாள் ஆட்டம். பிறகு திரை விழுகிறது. கைதட்டல் அன்றோடு சரி. மறுநாள் அரிதாரத்தைக் கழுவிவிட்டுப் பாடப் புத்தகத்தைக் கையில் எடுக்கவேண்டும்.

"ஆடியது போதும். இனி படிக்கிற வழியைப் பார்" என்பார் அப்பா.

நடித்த பிள்ளைகளின் மனதிலோ வேறு கேள்வி. "இத்தனை நாள் பாடுபட்டோமே, நமக்கு மிஞ்சியது என்ன?"

அமெரிக்க மாணவர்கள் சிலரின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

போலீஸ் சோதனை

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். அங்குள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை படித்தவர் ஜான் மைக்கேல் டெபலாக்.

1970-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை வந்தது. டெபலாக் தேவாலயத்துக்குப் போனார். ஆராதனையில் யார் முகத்திலும் மகிழ்ச்சியைக் காணோம். அது முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் அவரைப் பிடித்து நிறுத்தினார். போதைமருந்து வைத்திருக்கிறாரா என்று சோதனை போட்டார்! அவருடைய தோற்றம் அப்படி.

டெபலாக் மனம் நொந்தார். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். ஏசுநாதர் சொன்ன கதைகளை ஆட்டமும் பாட்டும் சிரிப்புமாக மாற்றினார். நடிப்பவர்களுக்குக் கோமாளி வேடம். "காட்ஸ்பெல்" என்று பெயர் வைத்தார். பட்டப் படிப்புக்காக அவர் தயாரித்த நாடகம் இது.

1970 டிசம்பரில் பல்கலைக்கழக மேடையில் நாடகம் நடந்தது. நடித்தவர்கள் மாணவ-மாணவிகள். அப்போது டெபலாக்குக்கு வயது 21.

நியூயார்க் பயணம்

வழக்கமாக இதோடு கதை முடிந்துவிடும். இது முடியவில்லை.

1971-ம் ஆண்டு தொடக்கத்தில் நியூயார்க் நகரிலுள்ள "லா மாமா" அரங்கில் இந்த நாடகம் நடந்தது. பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால், பாட்டுகளுக்குப் புது இசை வேண்டும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். அதே பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்; வயது 23. ஐந்தே வாரத்தில் இசையமைத்தார்.

அவர் ஒரு பாட்டை மட்டும் மாற்றவில்லை. ஜே ஹாம்பர்கர் எழுதி, பெக்கி கார்டன் இசையமைத்த "பை மை சைட்" என்ற பழைய பாட்டு அது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்றும் அது நாடகத்தில் இருக்கிறது.

1971 மே 17-ந்தேதி "செரி லேன்" என்ற சிறிய அரங்கில் நாடகம் தொடங்கியது. 2,100 தடவைக்கு மேல் நடந்தது! 1973-ல் சினிமாவாகவும் வந்தது.

கல்லூரியில் நடித்த எல்லோரும் அந்த மேடைக்குப் போகவில்லை. சிலர் போனார்கள். சிலருடைய இடத்துக்குப் புதியவர்கள் வந்தார்கள். ஒரே ஒத்திகையில் வியர்வை சிந்தியவர்கள்தான். ஆனால், வழிகள் பிரிந்துவிட்டன.

வக்கீல் ஆன பாடகி

போனவர்களில் ஒருவர் ராபின் லமாண்ட். 13-ம் நூற்றாண்டு பிஷப் ஒருவரின் பிரார்த்தனையிலிருந்து பிறந்த "டே பை டே" என்ற பாட்டை அவர் பாடினார். 1972-ல் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் அது 13-வது இடத்தைப் பிடித்தது. ஆனால், அவர் கடைசிவரை பாடகியாக இருக்கவில்லை. சட்டம் படித்து அரசு வக்கீல் ஆனார். பிறகு நாவல் எழுதினார்.

இன்னொருவர் சோனியா மன்சானோ. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைப்பு தேடி வந்த ஏழைக் குடும்பத்துப் பெண். சிறு வயதில் டெலிவிஷனில் தன்னைப் போன்ற ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை. "காட்ஸ்பெல்" நாடகத்துக்குப் பின், 1971-ல் "செசமி ஸ்ட்ரீட்" என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் சேர்ந்தார். குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் நிகழ்ச்சி அது. அதில் "மரியா" என்ற வேடம்.

2015 வரை, 44 ஆண்டுகள், அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர் "மரியா"வாகவே இருந்தார். கோமாளி வேடம் போட்டுக் கதை சொன்ன மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

நாடகத்தை எழுதிய டெபலாக், 1985-ல் தம்முடைய 35-வது வயதில் காலமானார். அவருடைய நாடகம் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தொடர்ந்து நடக்கிறது.

மிஞ்சுவது என்ன?

"காட்ஸ்பெல்" கதையே இதைத்தான் சொல்கிறது. முன்பின் தெரியாத சிலர் ஒன்று கூடுகிறார்கள். விளையாடுகிறார்கள், பாடுகிறார்கள், ஒரே குடும்பம் ஆகிறார்கள். கடைசியில், தங்களைச் சேர்த்துவைத்தவரை இழக்கிறார்கள். இனி, கற்றதைத் துணையாகக் கொண்டு தாங்களே நடக்கவேண்டும்.

நாடகம் முடிந்த மாணவர்களின் நிலையும் அதுதான்.

எல்லாக் கல்லூரி நாடகங்களும் நியூயார்க் போவதில்லை. பெரும்பாலானவை கல்லூரி மண்டபத்தோடு முடிந்துவிடும். ஆனாலும், ஒரு மாணவன் கூட்டத்தைக் கண்டு நடுங்காமல் பேசப் பழகியிருப்பான். பக்கத்தில் நிற்பவன் வசனத்தை மறந்தால், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொடுத்திருப்பான். விளக்கைப் பிடித்தவனும், திரையை இழுத்தவனும் இல்லாவிட்டால் கதாநாயகன் இல்லை என்பதைக் கண்ணால் கண்டிருப்பான். பின்னால் வக்கீல் ஆனாலும், வாத்தியார் ஆனாலும், கடை வைத்தாலும் இவை கைகொடுக்கும்.

நாடகம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறதா? "என்ன பரிசு கிடைத்தது?" என்ற கேள்வி இருக்கட்டும். "நீ என்ன செய்தாய், சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். விடிய விடியச் சொல்லும்!