திருநாதர் குன்று

திருநாதர் குன்று என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி நகரை ஒட்டிய சிறுகடம்பூர்ப் பகுதியில் அமைந்துள்ள ஒரு சிறிய பாறைக் குன்று ஆகும். உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சமண ஆசிரியர் இருவரின் நினைவாகப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளும், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் இங்கு உள்ளன. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாகும்.

நிசீதிகை

சமண சமயத்தில் முதுமையாலோ தீராத நோயாலோ முடிவு நெருங்கியதை உணர்ந்தவர், குருவின் இசைவுடன் உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் விடுவது சல்லேகனை எனப்படும். இவ்வாறு மறைந்தவரின் நினைவிடம் நிசீதிகை என்று அழைக்கப்படுகிறது. கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் இத்தகைய நினைவுக் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன.

இவ்வழக்கம் இன்றும் விவாதத்துக்கு உரியது. 2015 ஆகத்து மாதம் இராசத்தான் உயர் நீதிமன்றம் இதனைத் தற்கொலைக்கு ஒப்பானது எனத் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

கல்வெட்டுகள்

முதல் கல்வெட்டு, ஐம்பத்தேழு நாள் உண்ணாது நோன்பிருந்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நிசீதிகை இது எனத் தெரிவிக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு இது சுமார் கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. 'ஐ' என்னும் உயிரெழுத்து காணப்படும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளுள் இதுவும் ஒன்று என்பதால், எழுத்து வரலாற்றிலும் இது சிறப்பிடம் பெறுகிறது.

சில நூற்றாண்டுகள் பிற்பட்ட இரண்டாவது கல்வெட்டு, முப்பது நாள் நோன்பிருந்த இளையபட்டாரர் என்பவரைக் குறிக்கிறது.

இரண்டிலும் பெற்றோர் பெயரோ, பிறந்த ஊரோ, குலமோ இல்லை. துறவி தம் குடும்ப உறவுகளை விட்டவர். ஆகவே பெயரும் நோன்பு நாட்களுமே பொறிக்கப்பட்டன. இத்துறவிகளைப் போற்றிய இல்லறத்தாரின் வரலாற்றைக் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் தேட வேண்டும்.

புடைப்புச் சிற்பங்கள்

குன்றின் மேலுள்ள பெரும்பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் தீர்த்தங்கரர்கள் அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளனர்.

சுற்றுப்புற ஊர்கள்

செஞ்சி வட்டாரத்திலுள்ள தொண்டூரில் சமணத் துறவியருக்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சுமார் கி.பி. 3-ஆம் நூற்றாண்டினது. அகழூரைச் சேர்ந்த மோசி என்பவர் அவ்விருக்கையைச் செய்தளித்ததாக அது கூறுகிறது. இன்றைய அகலூரே அந்த அகழூர் எனக் கருதப்படுகிறது. அவ்வூரில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இதே வட்டாரத்தின் மேல்சித்தாமூரில் உள்ளது.

தாயனூர்க் குடும்பம்

சமணரிடையே வழங்கிவரும் மரபுக் கதை ஒன்றைத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி (1906) பதிவு செய்துள்ளது. அதன்படி, 1478-இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் தலைவன் சமணரிடம் பெண் கேட்டான். அவர்கள் இசைவதுபோல் காட்டி, மணப்பந்தலில் ஒரு பெண் நாயைக் கட்டி வைத்தனர். சினமுற்ற அவன் சமணரைக் கொல்ல ஆணையிட்டான். பலர் மாண்டனர், சிலர் ஊரை விட்டு ஓடினர், சிலர் சைவராயினர்.

தப்பிய ஒருவர் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு வீரசேனாச்சாரியர் ஆனார். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் அங்கு சென்று அவரை அழைத்து வந்தார். சைவராகியிருந்த குடும்பங்களை வீரசேனர் மீண்டும் சமணத்துக்குக் கொணர்ந்தார் என்பர். இத்தொண்டின் நினைவாக, விழாக்களில் உடையாரின் வழியினருக்கே முதல் வெற்றிலை பாக்கு அளிக்கப்பட்டது என்றும் அச்சுவடி குறிப்பிடுகிறது.

இக்கதைக்கு ஒத்த காலத்துக் கல்வெட்டுச் சான்றாகக் குன்றில் எதுவும் இல்லை. எனினும், துறவியின் நினைவு பாறையிலும் இல்லறத்தாரின் நினைவு வெற்றிலை மரியாதையிலும் காக்கப்பட்டதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

குன்றுக்குச் செல்லுதல்

செஞ்சி, திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் உள்ளது. அருகிலுள்ள பெரிய தொடர்வண்டி நிலையம் திண்டிவனம். கோடையில் பாறை சூடேறிவிடுவதால் காலை வேளையே ஏற்றது. சாய்ந்து விழும் காலை அல்லது மாலை ஒளியில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எழுத்துகளின் மேல் சுண்ணக்கட்டி தேய்த்தலும், பாறையில் பெயர் கீறுதலும் கல்வெட்டைச் சிதைக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.