சயாமுக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடி

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பாட்டி தம் தந்தைக்கு இலை போட்டுப் படைப்பார். இறந்த நாள் தெரியாததால்தான் அமாவாசை. பாட்டி பிறந்தது 1942-இல், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். மறு ஆண்டே ஜப்பானியர் அவருடைய தந்தையைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

“எந்நேரமும் கம்ப்யூட்டர்லதானே இருக்க, எங்கப்பா பேரு அதுல இருக்கான்னு பாரேன்” என்றார் பாட்டி, சென்ற செமஸ்டர் விடுமுறையில். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தைத் திறந்தேன். காஞ்சனபுரியில் புதைக்கப்பட்ட போர்க் கைதி ஒருவரின் பெயரைத் தட்டினால் படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை வரிசை எல்லாம் நொடியில் வந்துவிடுகின்றன. அங்கே ஏறத்தாழ 7,000 கல்லறைகள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்படும் முன் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு வரிசை எண்ணும் இல்லை, தேடுவதற்குப் பெட்டியும் இல்லை.

சரி, கப்பலில் வந்த பதிவாவது இருக்குமே என்று பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் பதிவேடு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி, கப்பல் என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துப் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்தவர்கள் பலர். மலாயாவின் கதை வேறு. இங்கே ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. பிறகு கங்காணி தம் ஊருக்குப் போய் உறவையும் அக்கம்பக்கத்தையும் அழைத்து வந்தார். 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தைக் கட்டியது. ஆளுக்கொரு ஒப்பந்தச் சீட்டு இல்லாத சுதந்திரம்தான், ஆனால் பேரப்பிள்ளைகள் தேடும்போது காகிதம் இல்லை.

அடுத்த தலைவலி எழுத்துக்கூட்டல். பாட்டியின் அடையாளக் கார்டில் தந்தை பெயர் ஒரு விதம், அவருடைய அண்ணன் கார்டில் வேறு விதம். காகிதத்தை மட்டும் பார்த்தால் இருவருக்கும் இரண்டு அப்பா! ‘மு’வுக்கு ஒரு கிராணி ‘யு’ போட்டார், இன்னொருவர் இரட்டை ‘ஓ’ போட்டார். ‘சாமி’ சில இடங்களில் ‘ஸ்வாமி’ ஆனார். அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர்களின் வாரிசுகளுக்கும் இதே சிக்கல் இருந்ததைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. மோஸ்கோவிட்ஸ் என்ற ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். அதற்காகவே கேரி மோக்கோட்டாஃபும் ராண்டி டைச்சும் 1985-இல் ஒலியை எண்ணாக மாற்றும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். எனக்கு அது இல்லை. நோட்டுப் புத்தகத்தில் 14 வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

வழி திறந்தது அந்த அண்ணனின் பழைய சூராட் பெரானாக்கில்தான். “எட்டாங்கட்டைத் தோட்டம்” என்று மட்டுமே வீட்டில் அறிந்திருந்த இடத்தின் ஆங்கிலப் பெயர், பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது. நீங்களும் தேடப்போகிறீர்கள் என்றால் அலமாரியில் இருந்து தொடங்குங்கள், கூகுளில் இருந்து வேண்டாம்.

அந்தப் பெயரைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் போட்டேன். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் பல பழைய நாளிதழ்கள் அங்கே உள்ளன. கம்பெனியின் ஆண்டறிக்கைகள் வந்தன. எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர், கூலிச் செலவு எவ்வளவு, எல்லாம் இருந்தன. துரை விடுமுறையில் இங்கிலாந்து போனதும் ஒரு செய்தி. மரம் சீவியவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தார்கள்.

கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். துரையின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தத் துரையா? எங்கம்மா சொல்லுவாங்க” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கைக்குழந்தையாக அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ரயில் நிலையம் வரை ஓடியது, கூட்ஸ் பெட்டிக் கதவு, அப்பா கத்திச் சொன்ன ஏதோ ஒன்று இரைச்சலில் கேட்காமல் போனது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். “யாரு கேட்டா?” என்றார்.

கைப்பேசியில் 40 நிமிடம் பதிவாகியிருக்கிறது. அதன் நடுவில், லால்குடிப் பக்கம், ஆற்றங்கரை, ஊர் எல்லையில் ஓர் ஐயனார் கோயில் என்று வருகிறது. லால்குடி வட்டத்து ஊர்களின் பட்டியலை இறக்கி வைத்து, வரைபடத்தில் ஆற்றோரமாக ஒவ்வோர் ஊராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று ஊர்களைக் குறித்திருக்கிறேன். பாட்டி தினமும் கேட்கிறார்.