மருந்தாளுநரின் சொல்லும் சிகிச்சையே

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, காவிரி நீர் கல்லணையைக் கடந்து தஞ்சை ஜில்லாவின் வாய்க்கால்களில் பாயும் குறுவைப் பருவத்தில், விடியுமுன் நாற்றங்காலில் இறங்கி முற்பகல் வரை குனிந்து உழைக்கும் பெண்மணி ஒருவர், சர்க்கரை வியாதிக்கான கிளிமிப்ரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஆகாரத்தைத் தள்ளிப்போடுவாரானால், அவரைக் காக்க வந்த மருந்தே அவருக்கு அபாயமாகிவிடும். அம்மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது; உணவு வராவிட்டாலும் அதன் வேலை நிற்பதில்லை. தாழ்சர்க்கரையால் உண்டாகும் நடுக்கத்தையும் படபடப்பையும் வியர்வையையும் அவர் வெயிலின் களைப்பென்றே எண்ணிக்கொள்வார். மருந்து கொடுக்கும்போதே, "இதைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடாம வயலுக்குப் போகாதீங்கம்மா, மயக்கமா வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சு உடனே குடிங்க" என்று மருந்தாளுநர் சொல்லும் இரண்டு வாக்கியங்கள், அந்த மாத்திரையின் பிரிக்கமுடியாத பகுதியாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஆயுள் முழுவதும் கிரமமாக மருந்துண்ண வேண்டிய இந்நோயில், வைத்தியரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை காணும் நோயாளி, மருந்தாளுநரையோ மாதந்தோறும் காண்கிறார். வாங்க வேண்டிய மாத்திரையை வாங்க வராதவர் யார், வயிற்றுப்போக்குக்கு அஞ்சி மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தியவர் யார் என்பதை முதலில் அறியக்கூடியவர் அவரே. உணவோடு உட்கொண்டால் அத்தொல்லை பெரும்பாலும் தணியும் என்று தைரியம் சொல்லக்கூடியவரும் அவரே.

இன்சுலின் விஷயத்தில் மருந்தாளுநரின் இந்த விளக்கம் இன்னும் அவசியமாகிறது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வீரியமுடையது. அதற்குரிய ஊசியின் மூடி சிவப்பு. 100 யூனிட் வீரியத்துக்குரிய ஆரஞ்சு மூடி ஊசியால் அதே மருந்தை 20 என்ற கோடுவரை எடுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட்தான். புதிய குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அது பிரயோஜனமற்றது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானைக்குள் சிறுபானை வைத்து அதில் குப்பியைக் காத்தால், கோடை உஷ்ணத்தின் கொடுமை ஓரளவு தணியும்.

இத்தகைய ஆலோசனையின் பயனுக்கு ஒரு சான்று உண்டு: அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில், 1996-இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நகராட்சி ஊழியர்களான நீரிழிவு நோயாளிகளைக் குறித்த இடைவெளியில் சந்தித்து ஆலோசனை கூறிவந்தனர். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவு குறைந்ததோடு மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், கூலியை இழந்து ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் சிரமத்தை நீக்கி, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. இப்பெரும் பணி பூரணமாவதற்கு, மருந்தோடு விளக்கமும் அதே வாசலை அடைய வேண்டும். நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளுநரின் கடமைகளில் ஒன்றாக 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. ஆகவே, எப்போது உண்பது, எதனோடு உண்பது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. கேளாதவருக்கும் வலியச் சொல்லும் மருந்தாளுநரே தம் தொழிலின் தர்மத்தை முழுமையாக நிறைவேற்றியவராவார்.