தாங்கும் அச்சும் சுழலும் அச்சும்

உமணர் என்போர் உப்பு வணிகர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, பள்ளமும் மேடும் மிக்க வழிகளினூடே உள்நாட்டிற்குக் கொண்டு சென்றவர். வழியில் அச்சு முறியின் உதவுவார் எவருமிலர். ஆதலின் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சினையும் கட்டிச் சென்றனர். புறநானூற்று 102 ஆம் செய்யுள் தரும் செய்தி இது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அச் சேம அச்சுக்கு ஒப்பிட்டார்.

வகுப்பறையில் இவ்வுவமையின் நயத்தை நாம் விரித்துரைக்கின்றோம். ஆனால் அச்சு ஏன் முறிகின்றது, முறிந்ததன் இடத்தில் மற்றொன்று பொருந்துவது எவ்வாறு என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. லொறிப் பட்டறைகளில் இன்றும் நாடோறும் எழும் வினாக்கள் இவையே. அவற்றிற்கு விடை காணப் புகுவோர்க்கு ஓர் உண்மை முதலில் தெளிவாதல் வேண்டும்: இன்று நாம் அச்சு என ஒரு சொல்லாற் குறிப்பது உண்மையில் இரண்டு பொருள்களை.

இரு வேறு தொழில்

மாட்டு வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது வண்டியின் உடலோடு பிணிப்புண்டு அசையாது கிடக்க, அதன் இரு முனைகளிலும் சில்லுகள் தனித்தனியே சுழலும். சில்லு கழன்று போகாதவாறு முனையிற் செருகும் சிறிய ஆணியே அச்சாணி. அச்சினையும் அச்சாணியையும் ஒன்றெனக் கொள்வார் உளர், அது பொருந்தாது. திருக்குறள் இரண்டினையும் வெவ்வேறிடத்தில் வெவ்வேறு பொருட்கு உவமையாக்கிற்று. ஏற்றுவது மயிற்பீலியேயாயினும் அளவு கடந்தால் முறிவது அச்சு. இது 475 ஆம் குறளின் செய்தி. உருவிற் சிறிதாயினும் பெருந்தேர் ஓடுதற்கு இன்றியமையாதது அச்சாணி. இது 667 ஆம் குறளின் செய்தி. ஒன்று பாரந் தாங்குவது. மற்றையது சில்லினைக் காப்பது.

வண்டியை இழுப்பது எருது. ஆகவே வண்டியின் அச்சுக்குத் தாங்குதல் ஒன்றே தொழில். லொறியிலோ எருது இல்லை. எஞ்சினிற் பிறந்த விசை நீண்டதொரு தண்டின் வழியாகப் பின்னே வந்து சில்லுகளைச் சுழற்றல் வேண்டும். எனவே தாங்குதல், சுழற்றுதல் என்னும் இரு தொழில்களும் ஓரிடத்தில் வந்து கூடின.

பார லொறிகளை ஆக்கியோர் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தனர். உருக்கினால் அமைந்த ஒரு குழற்கூடு பாரம் முழுவதையும் தாங்கும். பட்டறையார் அதனை ‘ஹவுசிங்’ என்பர். சில்லுகள் அக்கூட்டின் முனைகளில் அமைந்த உருளைகளின் மேலேயே சுழலும். கூட்டின் உள்ளே, இடமும் வலமுமாகச் செல்லும் இரு தண்டுகள் சில்லுகளைச் சுழற்றுமேயன்றிப் பாரத்தைத் தாங்குவதில்லை. பழுதுற்ற லொறியை நெடுந்தூரம் இழுத்துச் செல்ல நேரின், கியர்ப் பெட்டி கெடாதிருத்தற்பொருட்டு இத்தண்டுகளை உருவி எடுத்துவிடுவர். சில்லின் நடுவிலுள்ள சுரைகளைக் கழற்றினாற் போதும். தண்டு வெளியே வந்துவிடும். அதன் பின்னும் சில்லு தன்னிடத்தில் நின்று பாரத்தைச் சுமந்தபடியே உருளும். ஆகவே உமணர் வண்டியின் அச்சுக்கு உரிய வழித்தோன்றல் இக்கூடேயாகும். ‘அக்சில்’ எனப் பெயர் பெற்ற தண்டோ எருதின் தொழிலைச் செய்கின்றது.

கூட்டின் நடுவே

மாட்டு வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடுதலான தூரம் ஓடும். இரு சில்லுகளுக்கும் இடையே 2 மீற்றர் உளதாயின், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சில்லு ஏறத்தாழ 3.14 மீற்றர் மிகுதியாக ஓடுதல் வேண்டும். சில்லுகள் தனித்தனியே சுழல்வதால் வண்டிக்கு இதில் இடரில்லை. விசை இரு சில்லுகளுக்கும் ஒருங்கே செல்லும் லொறிக்கோ இது பெரும் இடர். இரண்டும் ஒரே தண்டிற் பூட்டப்படின் திரும்புந்தோறும் ஒரு சில்லு நிலத்திற் தேயும். அன்றித் தண்டு முறியும்.

இவ்விடரைத் தீர்ப்பதே டிபரென்சியல். கூட்டின் நடுவே புடைத்துத் தோன்றும் பகுதியில் இருப்பது இதுவே. பிரான்சு நாட்டு ஒனெசிபோர் பெக்கர் என்பார் நீராவி வண்டிக்கென 1827-28 ஆம் ஆண்டளவில் இதற்கு உரிமை பெற்றார். ‘பினியன்’ என்னும் சிறு பற்சில்லு, ‘கிறவுன் வீல்’ என்னும் பெரும் பற்சில்லைச் சுழற்றும். அதனோடு கூடிய சிறு பற்சில்லுகள் இரு பக்கத் தண்டுகளுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும். ஒரு பக்கம் வேகங் குறைந்தால் அக்குறை மறுபக்கத்தில் மிகையாகச் சேரும்.

தோற்றமும் எண்ணும்

பழுதுற்றதற்கு ஈடாக வேறோர் அச்சினைப் பூட்டுவோர் பெரும்பாலும் தோற்றத்தை நோக்குவர். தோற்றம் கூறுவது ஒரு பகுதியே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ஜீ.எம்.சி. 2½ தொன் லொறிகளை எடுத்துக்கொள்வோம். அவை 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் இருவகை அச்சுக்கூடுகள் இருந்தன. ஒன்று, நடுவில் இரு பாதிகளாகப் பிளந்து ஆணிகளால் இணைக்கப்பட்ட டிம்கன் கூடு; மற்றொன்று, ‘பாஞ்சோ’ என்னும் நரம்பிசைக் கருவி போல நடுவில் வட்டமாய் அமைந்த கூடு. லொறி ஒன்றேயாயினும் ஒன்றன் உறுப்பு மற்றதற்குப் பொருந்தாது. பாஞ்சோக் கூட்டினை லொறியில் விட்டுவிட்டுப் பற்சில்லுத் தொகுதியை மாத்திரம் கழற்றலாம். பிளவுக் கூட்டிலோ அச்சு முழுவதையும் இறக்கியே பற்சில்லுகளைக் காணல் வேண்டும்.

இங்குத் தோற்றம் உதவிற்று. தோற்றத்தில் ஒன்றாகவே இருந்து உள்ளே வேறுபடுவனவும் உள. கிறவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 6 பற்களும் இருப்பின், தண்டு 6.83 முறை சுழலச் சில்லு ஒரு முறை சுழலும். பினியனில் ஒரு பல் கூடி 7 ஆயின், அவ்வெண் 5.86 ஆகக் குறையும். வெளியே நின்று பார்ப்பவர் இதனை அறியார். ஆனால் ஒரு பல்லின் விளைவு சிறிதன்று. முன்னையதற்குப் பதிலாகப் பின்னையதைப் பூட்டினால், எஞ்சின் அதே வேகத்திற் சுழல லொறி ஆறுக்கு ஏழாக விரைந்தோடும். கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானி 60 எனக் காட்டும்போது உண்மை வேகம் 70 ஆகும். இழுவிசை ஏழிலொரு பங்கு குறையும். மலையிறக்கத்தில் எஞ்சின் தரும் தடுப்பும் குறையும். பாரத்தோடு இறங்கும் சாரதி தன் பழைய பழக்கத்தை நம்பியிருப்பான். லொறியோ அப்பழக்கத்திற்கு உட்படாது.

கூட்டில் அறைந்த தகட்டில் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லையெனின் எண்ணியே அறியலாம். லொறியைக் கட்டையிட்டு அசையாது நிறுத்தி, கியரை விடுவித்து, பின்சில்லு ஒன்றை மாத்திரம் உயர்த்துக. உயர்த்திய சில்லினை இரண்டு முறை முழுமையாகச் சுற்றி, நடுத்தண்டு எத்தனை முறை சுழல்கின்றது என எண்ணுக. அதுவே அவ்வெண். மறுசில்லு அசையாதிருப்பதால் டிபரென்சியல் பாதிச் சுழற்சியையே கொடுக்கும்; இரண்டு முறை சுற்றுவது அதனாலேயே. பின்னே விசை பெறும் அச்சுகள் இரண்டு உளவாயின், இரண்டிலும் இவ்வெண் ஒன்றாதல் வேண்டும். வேறுபடின் ஒன்றையொன்று எதிர்த்துத் தம்மைத் தாமே அழிக்கும்.

மாற்றுவோர் நோக்க வேண்டியவை

சில்லுகளின் இடைத்தூரம், வில்லுத்தட்டுகள் அமரும் இடங்களின் தூரம், சில்லுச் சுரைகளின் எண்ணும் வட்டமும், தண்டு முனைகளில் வெட்டிய வரிகளின் எண், தடுப்பு உருளையின் அளவு ஆகியவற்றை அளந்து ஒப்பிடல் வேண்டும். கிறவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்றினை மாற்றின் மற்றதனையும் மாற்றுதலே முறை. கிறவுன் வீலைப் பினியனின் மறுபுறத்தில் அமைத்துவிட்டால், முன்செல்லும் கியர்கள் யாவும் லொறியைப் பின்னோக்கி நடத்தும்! பற்கள் எவ்விடத்திற் பொருந்துகின்றன என்பதை அவற்றின்மேற் சாயம் பூசிச் சுழற்றிப் பார்ப்பர். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் அமைதல் வேண்டும். ஓரத்தில் அமைந்தால் பல் ஓசையிட்டு விரைவில் உடையும்.

பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்பவன் பற்களை எண்ணிப் பொருளறிகின்றான். நாம் எழுத்துகளை எண்ணிப் பொருளறிகின்றோம். இரண்டும் ஆராய்ச்சியே. கலைச்சொல் ஆக்குவோர் ‘அக்சில்’, ‘ஹவுசிங்’ என்னும் இரண்டிற்கும் அச்சு என்றே எழுதி அமைந்துவிடுதல் சாலாது. தாங்குவதனை அச்சு என்றும், சுழற்றுவதனைச் சுழல்தண்டு என்றும் வழங்கினால் பெயரே தொழிலைக் கற்பிக்கும். சொல்லை ஆக்குமுன் பொருளைக் குனிந்து பார்த்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. உமணர் சேம அச்சினைக் கட்டிய இடம் வண்டியின் கீழ்மரம் என ஔவையார் பாடினார். வண்டிக்கு அடியில் நோக்கியவர்க்கன்றி அது தெரிந்திராது.