கல் தேயட்டும்

சொப்புச் சாமான் கடையும் வாசகர் ஒருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்கிறார்: “சாணை பிடித்தால் உளியின் விளிம்பு நீலமாகிவிடுகிறது. உளி டூப்ளிகேட்டா?”

உளி பாவம். கல்லைப் பாருங்கள்.

கல்லின் பக்கத்தில் ஒட்டிய காகித வில்லையில் ‘ஏ 80 கே 5 வி’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு. 80, மணிகளின் பருமன். எனக்குப் பிடித்தது நடுவிலிருக்கும் கே. மணிகளைப் பிணைப்பு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் எழுத்து அது. ஏ-யிலிருந்து இசட்டை நோக்கிப் போகப்போகப் பிடி இறுகும். மழுங்கிய மணி உதிர்ந்தால்தான் அடியிலிருக்கும் கூர்மணி வெளியே வரும். அதனால் வழக்கமே தலைகீழ்: கெட்டியான ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு இளக்கமான கல், மைல்டு ஸ்டீலுக்குக் கெட்டிக் கல். நாமோ கடையில் “சீக்கிரம் தேயாத கல்லாக் குடுங்க” என்கிறோம்.

தேயாத கல்லில் மழுங்கிய மணிகள் உதிராமல் நின்று, முகம் கண்ணாடியாகப் பளபளக்கும். அது அறுக்காது, உரசிச் சூடேற்றும். நாம் இன்னும் அழுத்துவோம். ஏறக்குறைய 300 டிகிரியில் அந்த நீலம் வரும். ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி வரை தாங்கும். பழைய கார்பன் ஸ்டீல் உளியென்றால் அந்த இடத்தில் பதம் போயிற்று. நீலம் மறையும்வரை தேய்த்தெடுக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் அம்மி வழவழத்தால் அம்மா ஆள் கூப்பிட்டுப் பொளியச் சொல்வார். கல் குறைகிறதே என்று வருந்தியதில்லை. சாணைக்கல்லுக்கு அந்த வேலையைச் செய்வது வைர டிரெஸ்ஸர். தாங்கியின்மேல் வைத்து, ஓடும் கல்லின் முகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல நகர்த்துங்கள். மயிரிழைதான் போக வேண்டும். கறுப்புத் திட்டு மறைந்து, முகம் ஒரே நிறமாகச் சொரசொரத்தால் போதும். நெளிவும் உதறலும் இதிலேயே அடங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

பட்டறைகளில் அதே கல்லில் அலுமினியக் கம்பி, பித்தளைத் திருகு எல்லாவற்றையும் தேய்க்கிறார்கள். அது துளைகளில் அப்பி அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் தேய்ப்பது அதைவிட அக்கிரமம்; கல்லே உடையலாம். 6 அங்குலக் கல் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். புதுக்கல்லை மாட்டுமுன் துளையில் விரல்விட்டுத் தூக்கி உளிப்பிடியால் தட்டுங்கள்: கணீரென்றால் மாட்டலாம், மொத்தென்றால் உள்ளே விரிசல். காகித வில்லையைக் கிழிக்காதீர்கள், ஃபிளாஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவே மெத்தை அதுதான். டிரெஸ் செய்து கல் சிறுத்ததும், மோட்டாரை நிறுத்திவிட்டுத் தாங்கியை முன்னே தள்ளி வையுங்கள். இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.