நூறு நாட்களுக்கு வந்த முன்வரிசை வீரர்

வட அமெரிக்காவில் வழக்கமாக பெப்ரவரி இறுதியிலோ மார்ச் முற்பகுதியிலோ ஐஸ் ஹொக்கி ரசிகர்கள் மத்தியில் ஒரே விவாதம் சூடுபிடிப்பதுண்டு. பிளே-ஓஃப் எனப்படும் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் நிலையில், தமது அணி வேறோர் அணியிடமிருந்து பெற்றுக்கொண்ட முன்வரிசை வீரர் அவருக்காகக் கொடுக்கப்பட்ட விலைக்குப் பெறுமதியானவரா என்பதே அந்த விவாதம். புதியவர் இரண்டு, மூன்று ஆட்டங்களில் ஆடி முடிப்பதற்குள்ளேயே பலர் தீர்ப்பையும் எழுதிவிடுகின்றனர். அத்தகைய தீர்ப்புகள் எந்தளவுக்கு நியாயமானவை என்பதை விளங்கிக்கொள்வதற்கு, 2008 ஆம் ஆண்டில் பிட்ஸ்பேர்க் பென்குயின்ஸ் அணிக்கு வந்துசேர்ந்த ஸ்லோவாக்கிய வீரர் மரியன் ஹோசாவின் வரலாறு பெரிதும் உதவக்கூடியது.

மாத்தளையில் நாம் காணும் ஹொக்கி புற்றரையில் பந்தைக் கொண்டு ஆடப்படுவது. இதுவோ பனித்தளத்தில் சறுக்கியவாறு இறப்பர் வட்டைக் கொண்டு ஆடப்படுவது. ஒரு நேரத்தில் மூன்று முன்வரிசை வீரர்களே களத்தில் நிற்பர். முக்கால் நிமிடத்திற்கு ஒரு தடவை என்ற அளவில் அவர்கள் மாறிக்கொண்டேயிருப்பர். தேசிய ஹொக்கி லீக்கில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களில் ஆடிவந்த அக்காலப்பகுதியில், முன்னணியிலுள்ள 16 அணிகள் மாத்திரம் பிளே-ஓஃப் சுற்றுக்குத் தெரிவாகின. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்வோர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். அவ்வாறு நான்கு சுற்றுகளில் 16 வெற்றிகளைப் பெறும் அணிக்கே ஸ்டான்லி கிண்ணம் உரித்தாகும்.

வீரர் பரிமாற்றத்திற்கு ஒரு காலக்கெடு உண்டு. அக்கெடு நெருங்கும்போது, வெற்றிவாய்ப்பற்ற அணிகள் கோடைகாலத்துடன் ஒப்பந்தம் முடிவடையவுள்ள தமது சிறந்த வீரர்களை விட்டுக்கொடுக்க முன்வருகின்றன. வைத்திருந்தால் ஜூலை மாதம் அவ்வீரர் விரும்பிய அணிக்குச் சென்றுவிடுவார், அணிக்கு எதுவும் மிஞ்சாது. கிண்ணத்தைக் கனவு காணும் அணிகளோ தமது இளம் வீரர்களையும், வருங்காலத்தில் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் உரிமைகளையும் விலையாகக் கொடுத்து அவர்களைப் பெறுகின்றன. சுருங்கக் கூறின், ஒருவர் நாளையை விற்கின்றார். மற்றவர் இன்றை வாங்குகின்றார்.

ஹோசாவின் வருகை

2008 பெப்ரவரி 26 ஆம் திகதி, காலக்கெடுவின் இறுதித் தருணங்களில் பிட்ஸ்பேர்க் அணி அட்லாண்டா திராஷர்ஸ் அணியிடமிருந்து ஹோசாவைப் பெற்றது. அவருடன் பஸ்கல் டுபுயி என்ற அதிகம் பேசப்படாத வீரரும் வந்தார். பதிலாக கோல்பி ஆம்ஸ்ட்ரோங், எரிக் கிறிஸ்டென்சன் ஆகிய இருவரும், முதற்சுற்றில் தெரிவான இளைஞர் அஞ்சலோ எஸ்பொசிட்டோவும், அவ்வாண்டுக்குரிய முதற்சுற்றுத் தெரிவுரிமையும் வழங்கப்பட்டன.

இது அதிக விலையென்று அன்று பலர் கருதினர். ஹோசா 2006-07 பருவகாலத்தில் 43 கோல்களைப் பெற்றவர் என்பதை எவரும் மறுக்கவில்லை. எனினும், 2007 பிளே-ஓஃப் சுற்றில் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் அட்லாண்டா நான்கு ஆட்டங்களிலும் தோற்றபோது அவர் ஒரு கோலையேனும் பெறவில்லை. பெரிய ஆட்டங்களில் காணாமற்போகும் வீரர் என்ற பெயர் அவரைப் பின்தொடர்ந்தது. போதாக்குறைக்கு, பிட்ஸ்பேர்க் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமடைந்தார். வழக்கமான பருவகாலத்தில் 12 ஆட்டங்களில் மாத்திரம் ஆடி, மூன்று கோல்களைப் பெற்றார். அக்கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்குத் தமது சந்தேகம் உறுதிப்பட்டதாகவே தோன்றியது.

ஆனால் பிளே-ஓஃப் சுற்றில் நிகழ்ந்தது வேறு. அணித்தலைவர் சிட்னி குரொஸ்பியின் வரிசையில் ஆடிய ஹோசா, 20 ஆட்டங்களில் 12 கோல்களைப் பெற்றதுடன் மேலும் 14 கோல்களுக்கு உதவினார். ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிரான தொடரை மேலதிக நேரத்தில் முடித்துவைத்த கோலும் அவருடையதே. டெட்ரோயிட் றெட் விங்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவான நேரமே எஞ்சியிருக்கையில் அவர் ஒரு கோலைப் பெற்று இடைவெளியை ஒன்றாகக் குறைத்தார். கடைசி விநாடியில் அவர் தட்டிய வட்டு கோல் வாசலின் முன்பாக உருண்டு சென்றது; அத்துடன் நேரமும் முடிந்தது. 2008 ஜூன் 4 ஆம் திகதி கிண்ணம் டெட்ரோயிட் வசமாகியது.

இங்கேதான் ரசிகர்களின் தராசு சோதனைக்குள்ளாகின்றது. அந்த வட்டு சில அங்குலங்கள் விலகி உருண்டிருந்தால் ஆட்டம் மேலதிக நேரத்திற்குச் சென்றிருக்கும். அதன் பின்னர் எதுவும் நடந்திருக்கலாம். ஹோசாவின் உழைப்பிலோ திறமையிலோ அந்த அங்குலங்களால் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் அதே அங்குலங்கள்தான் ‘பரிமாற்றம் வெற்றி’ என்ற தலைப்புக்கும் ‘பரிமாற்றம் தோல்வி’ என்ற தலைப்புக்கும் இடையே நின்றன. பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்று கோல், இருபது ஆட்டங்களில் பன்னிரண்டு கோல் என்ற இரு கணக்குகளும் ஒரே மனிதருடையவை. ஓரிரு வார ஆட்டத்தைக் கொண்டு ஒருவரை அளப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

துரோகியா, தொழிலாளியா?

ஜூலை மாதத்தில் பிட்ஸ்பேர்க் முன்வைத்த பல வருட ஒப்பந்தத்தை ஹோசா ஏற்கவில்லை. கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பு டெட்ரோயிட்டிலேயே அதிகம் எனக் கருதி, ஒரு வருடத்திற்கு மாத்திரம் அவ்வணியுடன் இணைந்தார். பணத்தை அன்றி கிண்ணத்தையே அவர் தேடினார் என்பது உண்மையாயினும், பிட்ஸ்பேர்க் ரசிகர்களுக்கு அது ஆறுதலளிக்கவில்லை. அவர் எதிரணி வீரராகத் திரும்பி வந்தபோது வட்டைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் கூச்சலிட்டனர். 2009 இறுதித் தொடரில் அதே இரு அணிகள் மீண்டும் மோதின. இம்முறை ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பேர்க் 2-1 என வென்றது. அந்த இறுதித் தொடரில் ஹோசாவுக்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை.

ரசிகர்களின் கோபம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் மறுபக்கமும் சிந்திக்கப்படல் வேண்டும். 2005 ஆம் ஆண்டில் ஒட்டாவா அணி ஹோசாவுடன் மூன்று வருட ஒப்பந்தத்தைச் செய்த அன்றைய தினமே அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டது. அணி வீரரை மாற்றும்போது அது நிர்வாகத் தீர்மானமாகவும், வீரர் அணியை மாற்றும்போது அது துரோகமாகவும் கொள்ளப்படுவது நீதியாகாது. பிட்ஸ்பேர்க் அவரை வாங்கியது நூறு நாட்களுக்கே. அந்நாட்களில் அவர் தம்மிடம் எதிர்பார்க்கப்பட்டதைக் குறைவின்றிச் செய்தார்.

பின்னர் வந்த கணக்கு

காலம் கடந்த பின்னரே பரிமாற்றத்தின் உண்மையான வரவு செலவு தெளிவாகியது. பெரும் இழப்பென அஞ்சப்பட்ட எஸ்பொசிட்டோ தேசிய லீக்கில் ஓர் ஆட்டத்திலேனும் ஆடவில்லை. கொடுக்கப்பட்ட தெரிவுரிமை மூலம் தெரிவான இளைஞரும் அவ்வாறே. உபரியாக வந்தவர் எனக் கருதப்பட்ட டுபுயியோ பிட்ஸ்பேர்க்கிலேயே தங்கி, 2009 கிண்ணத்தை வென்ற அணியில் இடம்பெற்றார். 48 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட 2012-13 பருவகாலத்தில் அவர் 20 கோல்களைப் பெற்றார். ஹோசாவும் சிகாகோ அணியுடன் 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றார். 2020 இல் ஹொக்கி புகழ்மண்டபத்திற்கும் தெரிவானார். பெரிய ஆட்டங்களில் காணாமற்போகும் வீரர் என்ற பேச்சு அத்துடன் மறைந்தது.

கனடாவிலுள்ள எமது உறவினர் பலருக்குப் பழக்கமான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியிலும் இதேபோன்ற நிகழ்வு இடம்பெற்றது. 2023 பெப்ரவரியில் முதற்சுற்றுத் தெரிவுரிமை உள்ளிட்டவற்றைக் கொடுத்து ரயன் ஓ’ரைலியை அவ்வணி பெற்றது. மூன்றாவது ஆட்டத்திலேயே அவர் மூன்று கோல்களைப் பெற்றபோது ரசிகர்கள் கொண்டாடினர். பின்னர் விரலில் காயம் ஏற்பட்டபோது கவலை சூழ்ந்தது. 2004 இற்குப் பின்னர் முதற்தடவையாக அவ்வணி ஒரு பிளே-ஓஃப் தொடரை வென்றது. அடுத்த தொடரில் தோற்றது. கோடைகாலத்தில் அவர் நாஷ்வில் சென்றார். அப்பரிமாற்றத்தின் பெறுமதி பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு.

ஆகவே இத்தகைய வீரரை எடைபோடுவோர் மூன்று விடயங்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். வீரர் தமது கடமையைச் செய்தாரா என்பது ஒன்று. அவருக்காகக் கொடுக்கப்பட்ட விலை, அன்றைய தினம் கையிலிருந்த தகவல்களின் அடிப்படையில் நியாயமானதா என்பது இரண்டாவது. இறுதியில் கிண்ணம் கிடைத்ததா என்பது மூன்றாவது. முதலாவதற்கு வீரரும் இரண்டாவதற்கு நிர்வாகமும் பொறுப்பாளிகள். மூன்றாவதிலோ இருபது வீரர்களும், எதிரணியும், அதிர்ஷ்டமும் பங்குதாரர்கள். அந்த மூன்றாவதன் சுமை முழுவதையும் புதிதாக வந்த ஒருவரின் தோளில் ஏற்றுவதே ரசிகர்கள் வழமையாக இழைக்கும் தவறாகும். நூறு நாட்களுக்கு அழைக்கப்பட்டவரிடம் நூறு நாட்களின் உழைப்பையே கேட்க முடியும்.