ஒரு ராத்திரி தங்க ஒரு துண்டு நிலம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு பாலைவன ஊர். குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டையே வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து இறங்கிவிடுவார்கள். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய ‘நோமட்லேண்ட்’ பார்த்தவர்களுக்கு அந்த வெட்டவெளி நினைவிருக்கும். சுற்றியிருப்பதெல்லாம் அரசாங்க நிலம். கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, வாடகையும் கிடையாது. பொதுவான விதி ஒன்றுதான்: 28 நாளில் 14 நாள் தங்கலாம், அப்புறம் குப்பையையும் அள்ளிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்களுக்கு 1983 முதல் கட்டணத்தோடு தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த 14 நாள் விதிதான். பொது நிலத்துக்கு வருவார்கள், தங்குவார்கள், போய்விடுவார்கள்; அப்படியும் மனிதர்கள் உண்டு என்று ஓர் அரசாங்கம் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறது.

சென்னைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தாம்பரத்துக்கு இப்படித் தங்கிப் போவது புதிது இல்லை. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து இங்கே 29 கிலோமீட்டர். மாட்டுவண்டிக்கு ஏறக்குறைய ஒரு ராத்திரிப் பயணம். லாரி வருவதற்கு முன் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் தெற்கே போன பாரமெல்லாம் மாட்டுவண்டியில்தான் போனது. இந்த மாதிரிச் சாலைகளில் சத்திரம், சாவடி, தோப்பு, வண்டிப்பேட்டை என்று இடம் விட்டிருந்தார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கி, வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டு விடியலில் கிளம்பலாம். யாரும் ஏனென்று கேட்டதில்லை. கிராமக் கணக்கில் மேய்க்கால், மந்தை, களம், பாட்டை என்று தனித்தனிப் புறம்போக்காக எழுதி வைத்தது இப்படிப் பலரும் புழங்கிய நிலத்தைத்தான்.

1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் நம் தலைமேல் இருக்கிறது. புறம்போக்கில் இருப்பவருக்கு ‘பி மெமோ’ வரும், தண்டத்தீர்வை கட்டச் சொல்வார்கள், பிறகு காலி செய்யச் சொல்வார்கள். முப்பது வருடமாக வீடு கட்டி வாழ்பவரும், மூன்று ராத்திரி தங்கிப் போக வந்தவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். பட்டா உள்ளவர், ஆக்கிரமிப்பாளர் என்ற இரண்டு பேரை மட்டுமே அது பார்க்கிறது. வழிப்போக்கருக்கு அதில் இடம் இல்லை.

வழிப்போக்கர்களோ குறையவில்லை. அறுவடை முடிந்த செங்கல்பட்டு வயல்களுக்கு வாத்துக்காரர்கள் வருகிறார்கள். அந்தியில் வலையை வட்டமாகக் கட்டிப் பட்டி போட்டு வாத்துகளை அடைத்துவிட்டு, பக்கத்திலேயே தார்ப்பாய்க்கூரை போட்டுப் படுக்கிறார்கள். தென்புறநகரில் வயலெல்லாம் மனைப்பிரிவாகிவிட, அவர்கள் இன்னும் தெற்கே தள்ளிப் போய்விட்டார்கள்.

லாரிக்காரர்களால் அப்படித் தள்ளிப் போக முடியாது. ஒரகடம் சாலையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், கார் ஏற்றும் நீள டிரெய்லர்கள் ஓரமாக நிற்கும். லோடு கிடைக்கும்வரை வண்டிதான் வீடு. பக்கவாட்டில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் சமையலறை. மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி சிலிண்டர், ஒற்றை அடுப்பு, மசாலா டப்பாக்கள், ஒரு பிரஷர் குக்கர். வடநாட்டு ஓட்டுநர் ஒருவர் சக்கரத்தின் நிழலில் குந்தி மாவு பிசைந்துகொண்டிருப்பார். கிளீனர் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குத் தண்ணீர் கேட்டுப் போவார். காலைக்கடனுக்குப் புதர்தான். புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த வண்டியை நிறுத்தித் தூங்க ஓர் இடம் வேண்டாமா? இருட்டில் ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் கார் மோதிச் சாகிறவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். நிறுத்த இடமில்லாமல் அங்கே நின்ற வண்டிகளும் அவற்றில் உண்டு.

மாதவரத்தில் லாரி முனையம் இருக்கிறது, ஆனால் அது நகரத்தின் மறுகோடி. இந்தப் பக்கம் இடம் தேடினால், ஏரி, ஓடைப் புறம்போக்கில் தேடவே கூடாது. 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்த பிறகு நீரின் இடத்தில் கைவைக்க யாருக்கும் மனம் வராது.

ஆனால் ஏற்கெனவே அரசாங்கத்தின் கையில் இருக்கும் நிலம் ஒன்று உண்டு. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தார்கள். அதில் ஆறு வழிச்சாலையும் சர்வீஸ் ரோடும் போக மிச்சம் இருக்கிறது. வண்டலூர் முனையில் அதில் சில ஏக்கரைத் தாம்பரம் மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து சமன்செய்து தரலாம். பத்து கழிப்பறை, குளிக்க ஒரு தொட்டி, குடிநீர்க் குழாய், நாலு விளக்கு, நிழலுக்குப் புங்கமரம். மூன்று ராத்திரிக்குக் காசு வேண்டாம், நாலாவது நாள் வண்டி கிளம்பிவிட வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வாசலில் ஒரு காவலாளி இருந்தால் போதும்.